கதைக்காத முகவர்

சிவநேசம் பத்தொன்பது வருடம் வீடுகள் துடைத்தாள். மொன்றியலின் கர்க்லாண்டிலும் அதைச் சுற்றியும். பாதிக்கு மேல் விற்பனைக்கு வந்த வீடுகள். வாங்குகிறவர்கள் பார்க்க வருவதற்கு முன் வீட்டு முகவர்கள் அவளைக் கூப்பிடுவார்கள். குசினி, குளியலறை, ஜன்னல் கண்ணாடி, துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் சேர்ந்த பஞ்சு. வேலை முடிவதற்குள் முதல் ஆட்கள் வந்துவிடுவார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவாள். அவளைக் கண்டு யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

ஆகவே தன் வீட்டை விற்க வேண்டி வந்தபோது அவளுக்குக் குழப்பம் இருக்கவில்லை. நல்ல முகவரை எப்படித் தெரிவுசெய்வது என்று மகள் நிருஷா கைபேசியில் தேடிப் படித்தாள். எத்தனை வீடு விற்றிருக்கிறார், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறார். சிவநேசம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருபத்தாறு முகவர்களை நேரில் பார்த்திருந்தாள். வீட்டுக்காரரின் குளிர்பெட்டியைத் திறந்து ஜூஸ் குடித்த ஒருவன். கணவனுடன் மட்டும் பேசி மனைவியை ஜன்னல் பக்கம் விட்டுவிடுகிற ஒருவன். மூன்று மணிக்கு இன்னொரு குடும்பம் வருகிறது என்று வந்த எல்லோரிடமும் சொன்ன ஒருத்தி. மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. சிவநேசம் அங்கேதான் நின்றாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. முழங்கால்கள் இரண்டும் போன இலையுதிர் காலத்தில் வேலையை நிறுத்திவிட்டன. ரொக்ஸ்பரோ வீடு ஒரு தளமும் பேஸ்மென்ட்டும். கணவர் இறந்து நான்கு வருடம். நிருஷா லொங்குய்யில் ஒரு மாடிக் கட்டடத்தின் மேல்வீட்டில் இருக்கிறாள். கீழ்வீட்டுக்காரர் தன் பகுதியைச் சிவநேசத்துக்கு விற்க ஒப்புக்கொண்டிருந்தார். ஜூலை முதலாம் திகதி வரைதான் பொறுப்பார். அதற்குள் ரொக்ஸ்பரோ வீடு கைமாற வேண்டும். இல்லாவிட்டால் கீழ்வீடு வேறு ஆளுக்கு.

அந்தத் திகதி வெளியே தெரிந்தால் வாங்க வருகிறவர்கள் பேரம் பேசவும் தேவையில்லை. காத்திருந்தாலே போதும். அதனால் அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு தகுதி. அறிந்ததை வெளியே விடாத ஆள்.

ஆனால் குடும்பத்தில் ஏற்கனவே ஓர் ஆள் இருந்தான்.

நகுலேஸ்வரன், எல்லோருக்கும் நகுலன், அவள் கணவரின் தம்பி. இருபத்திரண்டு வருடமாக வீட்டு முகவர். கோயில் கலண்டரில் முருகனுக்குக் கீழே அவன் முகம் இருக்கும். பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு மலர்களின் பின் அட்டையிலும் இருக்கும். மொன்றியல் தமிழரில் பலருக்கு முதல் வீடு அவன் கையால் வந்தது. இந்த வீட்டையும் அவன்தான் பிடித்துக் கொடுத்தான். சிவநேசத்துக்குத் துடைக்கும் வேலை கொடுத்த முதல் முகவரும் அவன்தான். எனவே யாரும் அவளைக் கேட்கவில்லை. மார்ச் மாதத்தில் கணவரின் திவசத்துக்கு எல்லோரும் வந்திருந்தபோது, பாயசத்துக்கு நடுவில் அவனே அறிவித்தான்.

“வியாழக்கிழமை படமெடுக்கிற ஆள் வருவார் மச்சாள். சாமிப்படங்களைக் கழட்டி வையுங்கோ.”

“சாமி என்ன செய்தது?”

“வெள்ளைச் சனம் பாத்தால் யோசிக்கும்.”

“கோயில் கலண்டரிலை உம்மட படமும் கிடக்கு. அதையும் கழட்டவோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நகுலனும் சிரித்தான். சிவநேசம் பாயசப் பாத்திரத்துடன் குசினிக்குள் போனாள். நிருஷா பின்னால் வந்தாள்.

“அம்மா, சித்தப்பாவிட்டை எப்பிடிச் சொல்லப் போறீங்கள்?”

“வாயாலைதான்.”

“சாத்திரியார் இந்த வருசம் சொந்தத்துக்கை குடுக்க வேண்டாமெண்டவர் எண்டு சொல்லுங்கோவன். கோவம் வராது.”

“அந்தச் சாத்திரியாருக்கும் நகுலன்தான் வீடு எடுத்துக் குடுத்தது. போய்க் கேட்டிட்டு வருவான்.”

வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது. நகுலன் காரின் கண்ணாடியைப் பிரஷால் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தான். சிவநேசம் கணவரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

“நகுலன், வியாழக்கிழமை ஆளை அனுப்ப வேண்டாம்.”

“அப்ப வெள்ளி?”

“ஒருநாளும் வேண்டாம். நான் வேற ஆளிட்டைக் குடுக்கப் போறன்.”

பிரஷ் நின்றது.

“பகிடி விடுறியளோ?”

“இல்லை.”

“ஆர் அது? ரதீசனோ? அவன் போன வருசம்தான் லைசன்ஸ் எடுத்தவன். இன்னும் வீட்டுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது எண்டு தெரியாது.”

“ஜொஸ்லின்.”

“அந்தக் கிழவியோ? போன் எடுத்தாலே ரெண்டு சொல்லுக்கு மேலை கதைக்காது.”

“அதுக்குத்தான்.”

நகுலன் வீட்டு ஜன்னலைப் பார்த்தான். உள்ளே இருந்து மூன்று நான்கு பேர் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“மச்சாள், சனம் என்ன சொல்லும்? நகுலேஸ்வரன்ர சொந்த அண்ணன்ர வீட்டுக்கு முன்னாலை வெள்ளைக்காரியின்ர போர்டு நிக்குதாம் எண்டு சொல்லாதோ? பேந்து ஆர் என்னட்டை வருவினம்?”

அவன் சொன்னது உண்மை. சிவநேசம் அதை மறுக்கவில்லை.

“கர்க்லாண்டிலை வின்சன்ட் ஆக்களின்ர வீடு ஞாபகமோ?”

“ஓம். நாந்தானே வித்தது.”

“அவை ஒட்டாவாவிலை முதலே வீடு எடுத்திட்டினம். வாங்க வந்த ஆக்களுக்கு நீர் அதைச் சொன்னீர். பேஸ்மென்ட் படியிலை நிண்டு சொன்னீர். நான் வோஷிங் மெசினுக்குப் பக்கத்திலை நிண்டனான். அவை மூண்டு கிழமை பேசாமல் இருந்திட்டு, தங்கட விலைக்கு எடுத்திச்சினம்.”

நகுலன் பிரஷில் ஒட்டியிருந்த பனியை விரலால் சுரண்டினான்.

“அது கதையோட கதையா வந்தது.”

“உமக்கு எல்லாம் கதையோட கதையாத்தான் வரும்.”

“என்ர மச்சாளின்ர வீட்டிலை நான் அப்பிடிச் செய்வனோ?”

“வேணுமெண்டு செய்யமாட்டீர். சொல்லிப்போட்டு ராத்திரி முழுக்க வருத்தப்படுவீர்.”

அவன் காரில் ஏறினான். பின் கண்ணாடியைத் துடைக்காமலே போனான்.

ஜொஸ்லினுக்குச் சிவநேசம் நான்கு வீடுகள் துடைத்திருந்தாள். நாலாவது வீட்டில் ஒரு மனிதர் ஜொஸ்லினிடம் ஏன் விற்கிறார்கள் என்று கேட்டார். தாளில் எழுதியிருக்கும் விலைக்காக விற்கிறார்கள் என்றாள் ஜொஸ்லின். அவர் இன்னொரு விதமாகக் கேட்டார். அவள் இன்னொரு விதமாக அதையே சொன்னாள். மூன்றாவது முறை அவர் சிரித்துக்கொண்டு கேட்டார். அவள் அவருக்கு அலுமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். சிவநேசத்துக்குப் பிரெஞ்சு வேலை இடத்துப் பிரெஞ்சு. ஆனால் இதற்கு அது போதும்.

ஜொஸ்லின் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினாள். ஹோலைப் பார்க்கவில்லை, குசினியைப் பார்க்கவில்லை. கம்பளிக் காலுறையுடன் சுவர் ஓரமாக மெல்ல நடந்தாள். ஒரு மூலையில் நின்றாள்.

“தண்ணீர் எப்போது வந்தது?”

“இரண்டாயிரத்துப் பதினேழு. ஆறு பெருகிய வசந்தம். கணுக்கால் அளவு. பிறகு பம்ப் போட்டோம். அதற்குப் பிறகு வரவில்லை.”

“எழுதலாமா?”

“எழுதுங்கள்.”

விற்பவர் வீட்டைப் பற்றித் தெரிந்த குறைகளைச் சொல்லும் படிவம் அது. சிவநேசம் பம்ப்பைச் சொன்னாள். கூரை மாற்றிய வருடத்தைச் சொன்னாள். வடக்கு ஜன்னல் கடுங்குளிரில் திறக்காது என்பதைச் சொன்னாள். ஜொஸ்லின் எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் ஏன் விற்கிறாள் என்று கேட்டாள். சிவநேசம் லொங்குய்யைச் சொன்னாள், திகதியைச் சொன்னாள். ஜொஸ்லின் பேனாவை மூடினாள்.

“இது எனக்குத் தெரிய வேண்டும். தாளுக்குத் தெரிய வேண்டாம். வேறு யாருக்குத் தெரியும்?”

“குடும்பத்துக்கு மட்டும்.”

“எத்தனை பேர்?”

சிவநேசம் திவசத்துக்கு வந்தவர்களை மனதில் எண்ணினாள். நிருஷாவின் கணவன் பாயசத்துக்கு முன் எல்லோருக்கும் விவரமாகச் சொல்லியிருந்தான்.

“முப்பது.”

ஜொஸ்லின் படிவத்தை மடித்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் தேநீர் கேட்டாள்.

சித்திரை வருடப் பிறப்பன்று கோயிலில் நகுலன் தூணின் மறுபக்கம் நின்றான். அவன் மனைவி கோபிகா மட்டும் வந்தாள். கையில் பொங்கல் தட்டு.

“என்ன அக்கா, உங்கட வெள்ளைக்காரி பொங்கல் சாப்பிடுவாவோ?”

“சாப்பிட்டவ. ரெண்டாம்தரமும் போடச் சொன்னவ.”

“இவர் ஒரு மாசமா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை, தெரியுமோ?”

சிவநேசத்துக்கு அது உறைத்தது. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் நகுலன்தான் ஒவ்வொரு நாளும் காரோட்டினான். வீதியில் மெதுவாக ஓட்டி, கதை சொல்லிக்கொண்டே கூட்டிப் போவான். இப்போது அவன் கதையில்லாமல் தூணுக்குப் பின்னால் நின்றான். ஆனாலும் அவள் முடிவை மாற்ற நினைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு விஷயம்.

ஏப்ரல் கடைசியில் முற்றத்தில் ஜொஸ்லினின் பெயர்ப் பலகை ஏறியது. ஆட்கள் பார்க்க வரும்போது வீட்டுக்காரர் வெளியே போய்விடுவது நல்லது என்றாள் ஜொஸ்லின்.

“வீட்டுக்காரர் போகலாம்” என்றாள் சிவநேசம். “துடைக்க வந்தவள் நிற்கலாம்.”

ஜொஸ்லின் சிரித்ததை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பதினொரு குடும்பம் வந்தது. சிவநேசம் பழைய வேலை உடுப்பில் துணியும் தெளிப்பானுமாக நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தெருவில் கார் சத்தம் கூட என்றார்கள். குசினி சிறிது என்றார்கள். ஒரு பெண் தன் மாமியாரை வைக்க அறை போதாது என்று மகிழ்ச்சியுடன் சொன்னாள். ஏன் விற்கிறார்கள் என்று ஏழு பேர் கேட்டார்கள். ஜொஸ்லின் ஏழு முறையும் விலையைச் சொன்னாள். மே மாதம் பாதி போயிற்று. யாரும் எழுத்தில் ஒன்றும் தரவில்லை. நிருஷா தினமும் தொலைபேசியில் அழைத்தாள்.

“கொஞ்சம் விலையைக் குறைப்பம் அம்மா.”

“இல்லை.”

“உங்களுக்குப் பயமில்லையோ?”

“வீட்டிலை பிழையில்லை. பேந்து என்ன பயம்?”

அடுத்த வெள்ளிக்கிழமை ஜொஸ்லின் கூப்பிட்டாள். நாளை ஒரு தமிழ் முகவர் ஒரு ஜோடியைக் கூட்டி வருகிறார் என்றாள். பெயரைச் சொல்ல இரண்டு தரம் முயன்றாள்.

“நகுலேஸ்வரன்” என்றாள் சிவநேசம். “என் கணவரின் தம்பி.”

“அந்த முப்பது பேரில் ஒருவரா?”

“ஓம்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

“மறுத்துவிடலாம்.”

சிவநேசம் யோசித்தாள். நகுலனுக்குத் திகதி தெரியும். இப்போது அவன் வாங்குகிறவர்களின் ஆள். அவர்களுக்கு நல்லது செய்வதுதான் அவன் வேலை. இந்த ஒன்றைச் சொன்னால் அவர்களுக்கு அதைவிட நல்லது வேறில்லை. சொல்லாமல் இருக்க அவனுக்கு எந்தக் காரணமும் அவள் கொடுக்கவில்லை.

“வரட்டும்” என்றாள்.

சனிக்கிழமை காலை அவள் பேஸ்மென்டில் சுவர்த் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே கதவு திறந்தது. சப்பாத்துகள் கழற்றும் சத்தம். யாரும் சொல்லாமலே கழற்றினார்கள்.

குளியலறைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல். சென்னைத் தமிழ்.

“ஹரி, இந்த டைல்ஸ பாரேன். பிங்க்! இத யாரு காசு கொடுத்து வாங்கினாங்க?”

“மாத்திக்கலாம் விடு ரக்ஷனா. ஷவர் நல்லாருக்கு பாரு.”

நகுலனின் குரல் வரவில்லை. அந்த டைல்ஸை அவனும் அவன் அண்ணனுமாக இரண்டு சனிக்கிழமை முழங்காலில் நின்று பதித்திருந்தார்கள்.

மூவரும் படியிறங்கி வந்தார்கள். ஹரிபிரசாத் கணினி நிறுவனமொன்றில் வேலை, முப்பத்தைந்து இருக்கும். ரக்ஷனாவின் கைப்பையில் ஒரு குழந்தையின் தொப்பி தொங்கியது. கடைசியாக நகுலன். துணியுடன் நின்ற சிவநேசத்தைக் கண்டதும் மேலே குழாய்களைப் பார்க்கத் தொடங்கினான்.

“ஆன்ட்டி, நீங்க தமிழா?” என்றாள் ரக்ஷனா. “க்ளீனிங்கா? சூப்பரா வச்சிருக்கீங்க.”

“ஓம் பிள்ளை.”

“ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றான் ஹரிபிரசாத். “இங்க தண்ணி கிண்ணி வருமா?”

“ரெண்டாயிரத்துப் பதினேழிலை வந்தது. கணுக்கால் மட்டும். பேந்து பம்ப் போட்டது. அந்த மூலையிலை இருக்கு, மூடியைத் திறந்து பாருங்கோ.”

அவன் குந்தியிருந்து திறந்து பார்த்தான்.

“இதெல்லாம் சொல்லலாம்னு ஓனர் சொன்னாங்களா?”

“பேப்பரிலையும் எழுதிக் கிடக்கு.”

ரக்ஷனா நகுலன் பக்கம் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை.

“சார், ஏன் விக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? ஏதாவது அர்ஜென்ட்டா?”

சிவநேசம் தட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“தெரியும்” என்றான் நகுலன்.

அவன் ஒருமுறை இருமினான்.

“இவதான் வீட்டுக்காரி. என்ர அண்ணன்ர மனிசி. அதாலைதான் எனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்லமாட்டன். உங்களுக்கு அது சரிவராதெண்டால் வேற ஏஜென்ட் பிடியுங்கோ, நானே நல்ல ஆள் சொல்லுறன். காரிலையே சொல்லியிருக்க வேணும். பிழை என்னிலை.”

ரக்ஷனாவின் கை வாய்க்குப் போனது.

“ஐயோ, ஆன்ட்டி! அந்த டைல்ஸ்…”

“என்ர மனிசன் எடுத்தது” என்றாள் சிவநேசம். “எனக்கும் பிடிக்கேல்லை.”

“நாங்க சும்மா…”

“இருபது வருசம் சொல்லாமல் இருந்தனான். நீங்கள் சொன்னது நல்லது.”

ஹரிபிரசாத் சிரித்துவிட்டான். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கண்களாலேயே ஏதோ பேசி முடித்தார்கள்.

“நீங்களே இருங்க சார்” என்றான் அவன். “எங்க சைட் விஷயமும் இவங்ககிட்ட போகாம இருந்தா சரி.”

“போகாது.”

நகுலன் சிவநேசத்தின் முகத்தைப் பார்க்காமல் படியேறினான். போகும்போது மேலே நின்ற ஜொஸ்லினிடம், விற்பவர் தனக்கு என்ன உறவு என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தான்.

திங்கட்கிழமை அவர்களின் விலை எழுத்தில் வந்தது. ஜொஸ்லின் குசினி மேசையில் தாள்களை விரித்தாள். கேட்ட விலையைவிடக் குறைவு. ஜொஸ்லினின் விரல் அந்த வரியில் நின்றது. சிவநேசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தாண்டிப் போனாள். வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் எங்கே என்று தேடினாள்.

ஜூன் இருபத்தேழு.

அவள் அதை இரண்டு தரம் படித்தாள். இந்த நகரத்தில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் முடிகின்றன. ஜூலை முதலாம் திகதி தெருவெல்லாம் மெத்தைகளும் குளிர்பெட்டிகளும் நடக்கும். வீடு வாங்குகிற யாரும் ஆறு கிழமையில் எல்லாவற்றையும் முடிக்க விரும்புவதில்லை, வெளியேற வேண்டி இருந்தாலொழிய.

“வாடகைக்கு இருக்கிறார்கள்” என்றாள் சிவநேசம்.

“எனக்கு யாரும் சொல்லவில்லை” என்றாள் ஜொஸ்லின். ஆனால் அவளும் அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த நாளுக்குப் பிறகு போக இடமில்லை.”

“இருக்கலாம்.”

“விலையைத் திருப்பி எங்கள் விலையாக எழுதுங்கள். திகதியைத் தொட வேண்டாம்.”

“முழு விலையா? கொஞ்சமும் இறங்காமல்?”

“தண்ணீர் வந்ததைச் சேர்த்துத்தான் அந்த விலை போட்டோம். டைல்ஸையும் சேர்த்துத்தான்.”

ஜொஸ்லின் எழுதினாள். சிவநேசம் கையெழுத்து வைத்தாள், ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாக. ஜொஸ்லின் போன பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. நகுலனுக்கு இரண்டு பக்கத்துத் திகதியும் தெரியும். இந்த இருபத்தேழை எழுதியதே அவன்தான். அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, அவையும் அந்தரத்திலை நிக்கினம், விட்டுக்குடுக்காதேங்கோ மச்சாள் என்று சொல்லியிருக்கலாம். இழந்த மரியாதை ஒரு நிமிடத்தில் திரும்பியிருக்கும். அல்லது அவர்களிடம் இவளுடைய அவசரத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் வாயில் வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்திருக்கிறான். நகுலன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஜொஸ்லின் கூப்பிட்டாள். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். வீட்டைப் பரிசோதிக்கிறவர் வந்து போனார், பம்ப்பை ஓடவிட்டுப் பார்த்தார், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. வங்கியும் சம்மதித்தது. அதன் பிறகுதான் சிவநேசம் நகுலனுக்குத் தொலைபேசி எடுத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

“நகுலன், உமக்கு ரெண்டு பக்கமும் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“திகதி.”

“எந்தத் திகதி?”

சிவநேசம் சிரித்தாள்.

“இனிச் சொல்லலாம். எல்லாம் முடிஞ்சுது.”

“உறுதி எழுதிற நொத்தாரிசிட்டைக் கையெழுத்து வைக்கும்வரைக்கும் ஒண்டும் முடியேல்லை மச்சாள். அதுக்குப் பேந்தும் நான் கதைக்கமாட்டன்.”

“சரி. ஞாயிற்றுக்கிழமை கோபிகாவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாரும்.”

“அந்தக் கிழவியும் வருமோ?”

“ஜொஸ்லினும் வருவா.”

“அப்ப வீட்டைப் பற்றி ஒரு கதையும் வரக்கூடாது. இப்பவே சொல்லிப்போட்டன்.”

“வராது.”

“பேந்து மூண்டு மணித்தியாலம் என்னத்தைக் கதைக்கிறது?”

“அதை நீர் யோசியும்” என்றாள் சிவநேசம். “உமக்கு வேற கதை தெரியாமலே போகுது?”

நகுலன் பக்கத்தில் நின்ற கோபிகாவிடம் ஏதோ கேட்டான். பிறகு, கோழி சமைப்பதாக இருந்தால் தான் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.